செலின் சிஸ்டர் மலையிறங்கிய நாள்

மல்லாந்து படுக்காதே, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படு என்று பதினாறு வருஷமாகப் பெண்களுக்குச் சொல்லி வந்தவள் செலின். அப்படிப் படுத்தால் கண்ணெதிரே என்ன தெரியும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆம்புலன்ஸின் உட்சுவர் தெரிந்தது. வெள்ளைத் தகரம், அதில் வரிசையாக ஐந்து திருகாணி, நான்காவது இடத்தில் மட்டும் வெறும் ஓட்டை. மனிதர்கள் எல்லாம் முதுகுப் பக்கம் இருந்தார்கள். நீள இருக்கையில் முபீனா, முன்னால் ஓட்டுநர் ரங்கசாமி அண்ணன், அவருக்குப் பக்கத்தில் செலினின் கணவன் பாக்கியநாதன். இத்தனை வருஷமும் அந்த நீள இருக்கையில் உட்கார்ந்து வந்தவள் அவள்தான். எதிரே படுத்திருக்கிற முதுகுகளை எத்தனை பார்த்திருப்பாள். வியர்த்து ஒட்டிய ரவிக்கை, அவிழ்ந்த பின்னல், கழுத்தில் அழுந்திய தாலிக்கயிறு. இப்போது முபீனா தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் ரவிக்கையின் கிழிந்த தையல் ஞாபகம் வந்து கூச்சமாக இருந்தது. இந்த நேரத்தில் இதுவா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்று மதியம் சாப்பிட்டு முடித்து, எட்டு மாத வயிற்றோடு, எஸ்டேட் டிஸ்பென்சரியின் பின்பக்கக் குழாயில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். காலில் தண்ணீர் தெறிக்கிறது என்று சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்காதே என்று அப்புறம்தான் உறைத்தது. குனிந்து பார்க்கவில்லை. வலி இல்லை. துளி வலி கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. வலித்திருந்தால் பிரசவ வலி என்று ஏமாந்து கொஞ்ச நேரமாவது நிம்மதியாக இருந்திருக்கலாம். டப்பாவைக் கவிழ்த்து வைத்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டாள், சத்தம் போடாமல், "முபீனா, இங்கே வா" என்றாள். நர்ஸாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆன பெண், உடுமலைக்காரி, ஓடி வந்தவள் தரையைப் பார்த்து நின்றுவிட்டாள். "கை விட்டுப் பார்க்காதே" என்று செலின்தான் சொன்னாள். "தெரியும்க்கா" என்றாள் முபீனா. இரண்டு கையிலும் இரண்டு ஊசி, முதல் தடவையிலேயே நரம்பு கிடைத்துவிட்டது. நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று அந்த நிலையிலும் ஒரு பெருமை.

நாற்பது. வண்டி வலப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்க நாற்பது கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து இறங்கும்போது பலகையில் நாற்பது, முப்பத்தொன்பது என்று குறைந்துகொண்டே வரும். செலினுக்குப் பலகை வேண்டாம். வண்டி சாய்கிற சாய்விலேயே இது எத்தனையாவது என்று சொல்லிவிடுவாள். முப்பத்தெட்டில் ஓடைத் தண்ணீர் ரோட்டில் ஓடும், சக்கரம் சளசளக்கும். முப்பத்தொன்றில் ரங்கசாமி அண்ணன் இரண்டு தரம் ஹாரன் அடிப்பார். இருபத்தேழில் பேச்சியம்மாளுக்குப் பிள்ளை பிறந்தது. அது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். இனிமேல் தாங்காது சிஸ்டர் என்று அவள் சொன்னதும் அண்ணனை ஓரம் கட்டச் சொல்லி, காற்று வரட்டும் என்று பின்கதவைத் திறந்து வைத்தாள். தடுப்புச் சுவர்மேல் ஏழெட்டுக் குரங்கு வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நின்று, குச்சியை வைத்துக்கொண்டு, "போங்கடா, போங்கடா, பொம்பளைங்க காரியம்" என்று குரங்குகளை விரட்டினார். பேச்சியம்மாள் வலியிலும் சிரித்துவிட்டாள். சிரித்த சிரிப்பில் தலை வந்துவிட்டது. அன்று பிறந்த பெண் இப்போது எஸ்டேட் பள்ளியில் நான்காவது படிக்கிறாள், டிஸ்பென்சரி வாசலைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, "சிஸ்டர், நான்தான் இருபத்தேழு" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். செலின் சிரிக்கப் பார்த்தாள். உதடு காய்ந்து பல்லில் ஒட்டியது. தொடைக்கு நடுவே வைத்திருந்த துணி மறுபடி கனத்தது. ஒரு துணி நனைய எவ்வளவு நேரம் என்று பார், அதை வைத்து ரத்தம் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போடு, முபீனாவுக்கு அதையும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். பின்னாலிருந்து முபீனா துணியை மாற்றுகிற சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் பையில் அது விழுகிற சத்தமும் கேட்டது. அது மூன்றாவதா நான்காவதா. நான் அந்தக் கணக்கைப் போடப்போவதில்லை, வளைவை மட்டும் எண்ணிக்கொண்டு போகிறேன் என்று செலின் முடிவு செய்தாள். எண்ணினால் பதினேழு வரும். பதினேழு வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

வலியில்லாமல் ரத்தம் போனால் என்ன என்று கூடப் படித்த ஜமுனா கேட்பாள். குழந்தையின் நஞ்சு கருப்பையில் கீழே இருக்கிறது என்று செலின் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் செவிலியர் பயிற்சி விடுதியின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், இரண்டு பேரும் கால் நீட்டி உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தார்கள். கேள்விக்கு ஒரு கடலை மிட்டாய்த் துண்டு. சரியாகச் சொன்னால் சொன்னவளுக்கு, தப்பாகச் சொன்னால் கேட்டவளுக்கு. நஞ்சு கீழே இருந்தால் என்ன செய்வாய்? கை வைக்க மாட்டேன், படுக்க வைப்பேன், இரண்டு நரம்பில் ஊசி போடுவேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். அனுப்ப நேரமில்லை என்றால்? அதற்கு பதில் புத்தகத்தில் இல்லை. ஜமுனா மிட்டாயை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி என்றாள். வகுப்பில் அலுமினியக் குழல் ஒன்று கொடுத்திருந்தார்கள், புனல் மாதிரி இருக்கும், வயிற்றில் ஒரு முனை, காதில் ஒரு முனை, குழந்தையின் துடிப்பு கேட்கும். பழகுவதற்குக் கர்ப்பிணிக்கு எங்கே போவது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் ஜமுனா பாயில் படுத்துக்கொண்டு, என் வயிற்றில் வைத்துக் கேள் என்பாள். செலின் காதை வைத்துக் கேட்டால் குடல் உருளுகிற சத்தம். "என்னடி கேக்குது?" "பசிக்குதுன்னு கேக்குது." "அப்ப பிள்ளை நல்லாத்தான் இருக்கு." அவர்கள் சிரிப்பதைக் கேட்டு அடுத்த அறைப் பெண்களும் வந்துவிடுவார்கள், வரிசையாகப் பாயில் படுப்பார்கள், செலின் ஒவ்வொரு வயிறாகக் குழலை வைத்துக்கொண்டே போவாள். ஒட்டிய வயிறுகள், இருபது வயது வயிறுகள், அத்தனையும் பிறகு எங்கெங்கோ போய் நிறைந்து காலியாகியிருக்கும். ஜமுனா மஸ்கட் போனாள், இரண்டு பிள்ளை பெற்றாள், ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் உன் வயிறு என்ன சொல்லுது என்றுதான் ஆரம்பிப்பாள். செலினின் முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே போனதற்கு அப்புறம் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். மூன்று மாதம் முன்னால் மறுபடி கேட்டாள். செலின் அழுதாள். அங்கே ஜமுனாவும் அழுதாள். யாரோ அவளை அரபியில் கூப்பிட்டார்கள், டியூட்டி, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

"அக்கா, தூங்காதீங்க. எதாவது பேசுங்க." "தூங்கல." "எத்தனாவது வளைவு, சொல்லுங்க." "இருபத்தொம்பது." முன்னாலிருந்து ரங்கசாமி அண்ணன், "கரெக்டுங்க சிஸ்டர்" என்றார். அவர் குரலில் எப்போதும் இருக்கிற கிண்டல் இல்லை. பாக்கியநாதன் ஒன்றும் பேசவில்லை. அவன் இப்படித்தான். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவன், நாள் முழுக்க எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் இருந்து பழகியதால் பேச்சு குறைந்துபோனது என்று அவனே சொல்வான். அவனை முதலில் பார்த்த அன்றும் அதிகம் பேசவில்லை. ரோட்டில் யானைக் கூட்டம் நிற்கிறது, ஆம்புலன்ஸ் வராது என்று தெரிந்து, இடுப்பு வலியில் துடித்த ஒரு பெண்ணைக் கொழுந்து மூட்டைகள்மேல் படுக்க வைத்துக் குறுக்குப் பாதையில் லாரியைக் கொண்டுவந்து டிஸ்பென்சரி வாசலில் நிறுத்தினான். பச்சை இலை வாசமும் பனிக்குட நீர் வாசமும் கலந்து அடித்தது, அதற்கு முன்னும் பின்னும் செலின் அப்படி ஒரு வாசத்தை முகர்ந்ததில்லை. விடிய மூன்று மணி நேரம் பிரசவம் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். அவன் போகவில்லை. வாளியில் தண்ணீர் எடுத்து லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். "என்ன குழந்தைங்க?" என்று கேட்டான். "பையன்" என்றாள். தலையை ஆட்டிவிட்டு மறுபடி கழுவினான். உங்கள் சொந்தமா என்று கேட்டாள். இல்லை, வழியில் நின்று கையைக் காட்டினார்கள் என்றான். முப்பத்திரண்டு வயது வரைக்கும் கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவள் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவனைத் தேடிப் போய்த் தானே பேசினாள். இன்னொரு ஆளாக இருந்திருந்தால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பான். அவன் ஒரு தரம் கூட யாரிடமும் சொன்னதில்லை.

சிஸ்டரே இப்படிச் செய்யலாமா என்று கீழே ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். கேட்கட்டும். ஏழாம் மாத ஸ்கேனில் நஞ்சு கருப்பை வாயை மூடிக்கொண்டு கீழே கிடக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஏற்கெனவே ஒரு தடவை பையைச் சுத்தம் செய்த உடம்பு, இந்த ரோட்டை நம்பி மேலே இருக்காதே, போன வெள்ளிக்கிழமைக்குள் பொள்ளாச்சிக்கு வந்து தங்கிவிடு என்று டாக்டர் அங்கயற்கண்ணி போனில் சொன்னார். புதன்கிழமை வருகிறேன் மேடம், முபீனாவிடம் பதிவேடெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்றாள் செலின். பொய். பதிவேடு ஒப்படைக்க ஒரு மணி நேரம் போதும். வியாழக்கிழமை மழை பிடித்துவிட்டது, அதுதான் காரணம், அதை யாரிடம் சொல்ல முடியும். ஜூன் மாத முதல் மழை, எஸ்டேட் குவார்ட்டர்ஸின் தகரக் கூரையில் இரைச்சலாக விழுகிறபோது வீட்டுக்குள் இரண்டு பேரும் பேச முடியாது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் முடியும். கல்யாணமான முதல் மழைக்காலத்தில் அவளுடைய காலுறை காயவே இல்லை. அவன் கெட்டிலில் வெந்நீர் வைத்து, அதன் வயிற்றில் காலுறையைச் சுற்றிக் காயவைத்து, அந்தச் சூட்டோடு கொண்டுவந்து காலில் மாட்டிவிட்டான். அதற்கப்புறம் ஒவ்வொரு ஜூனிலும் அது நடக்கும். ஆறாம் மாதத்தில் பிள்ளை தவறிய வருஷமும் நடந்தது. கோயில் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறிய குழி தோண்டிவிட்டு வந்தான், கையெல்லாம் செம்மண், கழுவிவிட்டுக் கெட்டிலை அடுப்பில் வைத்தான். இந்த வருஷம் குனிய முடியாத வயிறு. அவன் காலடியில் உட்கார்ந்து காலுறையை மாட்டும்போது உள்ளே பிள்ளை உதைத்தது, அவன் நிமிர்ந்து பார்த்தான், இன்னொரு தரம் உதைத்தது. இன்னும் அஞ்சு நாள் என்று செலின் நினைத்தாள். அஞ்சே நாள் இந்த வீட்டில் இப்படி இருந்துவிட்டுப் போகிறேன், யாருக்கு என்ன நஷ்டம். வேறு எந்தப் பெண் இப்படிச் சொல்லியிருந்தாலும் அவளே போய்ப் பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்றியிருப்பாள். லில்லிபுஷ்பத்தை அப்படித்தான் ஏற்றினாள். இல்லை, லில்லிபுஷ்பம் வேண்டாம். இருபத்தொன்று. இருபது. தண்ணீர் கேட்கலாமா, கூடாது, அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவள் குடிக்கக் கூடாது. கை விரல் சில்லென்று இருந்தது. நகத்தைப் பார்த்தாள். நகம் வெளுத்திருந்தது. வெளுத்திருக்கிறது என்று முபீனாவிடம் சொல்ல வேண்டுமா, அவளுக்கே தெரிந்திருக்கும்.

லில்லிபுஷ்பம் பதினேழாவது வளைவில் கேட்டாள். "சிஸ்டர், ஊரு வந்துடுச்சா?" இதே வண்டி, இதே மாதிரி வழுக்கிக்கொண்டு வளைந்தது. செலின், "இதோ வந்துடும் லில்லி" என்றாள். லில்லி கையைப் பிடித்திருந்தாள், விரல்கள் பின்னியிருந்தன, வண்டி நிமிர்ந்தபோது விரல்கள் பின்னல் கழன்று தானாக விழுந்தன. பிறகு ஆழியாறு வரைக்கும் செலின் அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தாள். ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் பதினேழு வந்ததும் யாரிடமாவது எதையாவது உரக்கப் பேசுவாள், அண்ணனுக்குத் தெரியும், அவரும் உரக்கப் பதில் சொல்வார். இன்று யார் பேசுவது. பதினெட்டு முடிந்தது. முபீனாவின் கை முதுகுக்குப் பின்னாலிருந்து வயிற்றைச் சுற்றி வந்தது, குளிர்ந்த பசை, பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற டாப்ளர் கருவியின் முனை. டிஸ்பென்சரியில் வைத்தபோது துடிப்பு தையல் மிஷின் ஓடுகிற மாதிரி கேட்டது. பதினைந்து நிமிஷம் முன்னால் கொஞ்சம் தளர்ந்து கேட்டது. இப்போது கரகரவென்று வெறும் காற்று. முனை இடம் மாறியது, தொப்புளுக்குக் கீழே, இன்னும் கீழே, பக்கவாட்டில். காற்று. ஒரு துடிப்பு வந்தது, மெதுவான துடிப்பு, அது செலினுடையது, அவளுக்குத் தெரியும், முபீனாவுக்கும் தெரியும். வண்டி சாயத் தொடங்கியது. சொல்லாதே, முபீனா, நீ சொல்லாத வரைக்கும் அது உண்மையில்லை. நாற்பது பெண்களிடமாவது நான் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் இரும்மா, பாப்பா திரும்பிப் படுத்திருக்கு, அதான் கேக்கல என்று. அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். உன் முகம் எனக்குத் தெரியவில்லை, அது நல்லது, திருகாணிதான் தெரிகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, ஓட்டை. "அக்கா, கொஞ்சம் இருங்க, பாப்பா திரும்பி..." என்று முபீனா ஆரம்பித்தாள். செலின் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தாள். பிடித்து, முனையைத் தன் விலாவுக்குக் கீழே, வலப்பக்கம், நேற்று ராத்திரி தலை முட்டிய இடத்துக்குக் கொண்டுபோய் அழுத்தினாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தலை அங்கே, தோள் இங்கே, நெஞ்சு இதோ. கரகரப்பு. கரகரப்பு. அப்புறம் தூரத்தில், மழைக்கு அப்பால் யாரோ துணி தைக்கிற மாதிரி. மெலிவாக, விட்டு விட்டு, ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. முபீனா வாய்விட்டு எண்ணினாள். நூற்றெட்டு. குறைவுதான். குறைவு என்று இரண்டு பேருக்கும் தெரியும். "அண்ணா, வேகமா போங்க" என்றாள் முபீனா. "போறேன் கண்ணு" என்றார் அவர். பாக்கியநாதன் முதல் தடவையாகத் திரும்பியிருக்க வேண்டும், சின்ன ஜன்னல் வழியாக அவன் குரல் வந்தது. "செலின்." "ம்." "அணை தெரியுது." ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணை முழுக்கத் தெரியும், முதல் தடவை அவன் லாரியில் அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கியபோது அங்கே நிறுத்திக் காட்டினான், நீலத் தட்டு மாதிரி. இது பதினாறோ பதினைந்தோ. இங்கிருந்து அணை தெரியாது. அவன் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. தண்ணி நிறைய இருக்கா என்று கேட்டாள். "நெறைய இருக்கு" என்றான்.

சமவெளிக் காற்று சூடாக இருந்தது. சிக்னல் கிடைத்ததும் முபீனா போனில் கத்தினாள், பி நெகடிவ், பி நெகடிவ் என்று எழுத்துக்கூட்டாத குறையாகச் சொன்னாள். தென்னைமர நிழல் வண்டிக்குள் விட்டு விட்டு விழுந்தது. பிறகு கதவு திறந்து வானம், ஆஸ்பத்திரிக் கூரை, குழல்விளக்கு, ஓடுகிற செருப்புகள். ஒரு முகம் குனிந்து வந்தது. நரைத்த முன்முடி, கனமான மூக்குக்கண்ணாடி. போனில் கேட்டே பழகிய குரல் இந்த முகத்துக்குள்ளிருந்து வந்தபோது செலினுக்கு விநோதமாக இருந்தது. "'மேடம், ஒரு கேஸ் அனுப்பறேன்'னு எப்பவும் நீதான் சொல்லுவே. இன்னைக்கு வேற பொண்ணு சொல்லவும் எனக்குப் பகீர்னுச்சு" என்றார் டாக்டர் அங்கயற்கண்ணி. சொல்லிக்கொண்டே வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பாக்கியநாதன் பக்கம் திரும்பினார். "நஞ்சு கர்ப்பப்பையோட ஒட்டிப் பிடிச்சிருக்கும் போலிருக்கு. ரத்தம் நிக்கலேன்னா பையையே எடுத்துடுவேன். யோசிக்க நேரம் தர முடியாது." அவன் கேட்டான், "எடுத்தா செலின் இருப்பாளா?" "இருக்கணும்னுதான் எடுக்கறது." "பிள்ளை?" "முதல்ல எடுத்துப் பாக்கறேன்." அவன் சம்மதத் தாளை வாங்கினான். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். பேனா மேல்நோக்கி எழுதாது, இரண்டாவது எழுத்தில் நின்றுவிட்டது, உதறி உதறி எழுதினான், முபீனா முதுகைக் காட்டிக் குனிந்தாள், அவள் முதுகில் தாளை வைத்து எழுதி முடித்தான். செலின் இதையெல்லாம் பார்த்தாள். அவனிடம் எதையோ சொல்ல வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டிய அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது, வாய் வரைக்கும் வந்தது, ஆனால் வெள்ளிக்கிழமையே போயிருக்கலாம் என்பதுதான் முன்னால் நின்றது. "நான்தான் புதன்கிழமைன்னு சொன்னேன்" என்றாள். "நானுந்தான் சரின்னேன்" என்றான் அவன். ஸ்ட்ரெச்சர் நகர்ந்துவிட்டது. விளக்கு, பச்சைத் துணி, குளிர். கை இரண்டும் விரித்துக் கட்டப்பட்டன. மூக்கின்மேல் ரப்பர் வாசனை வந்து அமர்ந்தது. ரப்பர் பொம்மை, பயிற்சி விடுதியில் பிரசவம் சொல்லிக் கொடுக்க வைத்திருந்த பொம்மை, துணியில் தைத்த கருப்பை, துணியில் தைத்த நஞ்சு, நாடாவில் கொடி. ஜமுனா பொம்மையை வெளியே இழுத்துத் தூக்கிப் பிடித்து, ஆணா பெண்ணா சொல்லு என்று கேட்டாள். ரப்பர் பொம்மைக்கு அதெல்லாம் இல்லை என்று செலின் சொல்வதற்குள்

தொண்டை எரிந்தது. மேலே மின்விசிறி சுற்றியது, அதன் மூன்று இறக்கையும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு மெதுவாக. மறுநாள் காலை என்று நர்ஸ் சொன்னாள். பாக்கியநாதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், நேற்றைய சட்டை, பையில் மடித்த ரசீதும் சீப்பும். "பொண்ணு" என்றான். "அழுதாளா?" "தெரியல. கதவு சாத்தியிருந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சுக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. நான் கூடவே ஓடினேன். கையை ஆட்டினா." "எடை?" "ஒண்ணு எண்ணூறுன்னாங்க. மூச்சுக்கு மிஷின் வெச்சிருக்காங்க." ஒன்று எண்ணூறு, முப்பத்து மூன்று வாரம் ஐந்து நாள், பிள்ளையின் நுரையீரல் முதிர மதியம் போட்ட ஊசி முழுசாக வேலை செய்ய நேரம் இருந்திருக்காது. மனசு அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டது. கை போர்வைக்குள் இறங்கி வயிற்றைத் தேடியது. கட்டு, கட்டுக்குக் கீழே வலி, வலிக்குக் கீழே ஒன்றுமில்லாத மாதிரி ஓர் இடம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எடுத்துட்டாங்களா?" என்று அவளே கேட்டாள். தலையை ஆட்டினான். அவள் எத்தனையோ பேருக்கு இதை விளக்கியிருக்கிறாள், உயிருக்கு ஒன்றும் ஆகாதும்மா, அது ஒரு பைதானே என்று. ஒரு பைதான். ஜமுனாவின் பாயில் குழலை வைத்துக் கேட்டபோது அதுவும் உள்ளே இருந்தது, தன் ஒட்டிய வயிற்றுக்குள் உள்ளங்கையளவு, ஒன்றும் தெரியாமல். கெட்டில் சூட்டில் காலுறை மாட்டிய ஒவ்வொரு ஜூனிலும் இருந்தது. ஒரு பிள்ளையை ஆறு மாதம் வைத்திருந்து விட்டுவிட்டது, இன்னொன்றை விடமாட்டேன் என்று நஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அதைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அழுகையும் வரவில்லை, தொண்டை எரிச்சல் விடவில்லை. "போய்ச் சட்டையை மாத்துங்க" என்றாள். "மாத்துச் சட்டை எடுத்துட்டு வரல" என்றான். அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் பிள்ளைக்கு மிஷினை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள், மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டிருக்கிறோம், பால் கொஞ்சமாவது வேண்டும், சீம்பால் ஒரு சொட்டு கிடைத்தாலும் கொடுத்தனுப்பு என்று பிள்ளைகள் வார்டிலிருந்து ஒரு நர்ஸ் வந்து சொன்னாள். ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணத்தையும் கொடுத்துவிட்டுப் போனாள். செலினால் இன்னும் எழுந்து நடக்க முடியாது. சாய்ந்து உட்கார வைத்தார்கள். குழந்தையைப் பார்க்காமல் பால் சுரக்காது என்று சில பெண்கள் சொல்வார்கள், சுரக்கும் என்று அவள் சொல்லுவாள், பிள்ளையை நினைத்துக்கொள் என்பாள். எதை நினைப்பது. முகம் தெரியாது. கண்ணை மூடினால் ஜமுனா வந்தாள், மொட்டை மாடி வந்தது, மழை இரைந்த கூரை வந்தது, வந்தவை எல்லாம் பழசு, அவற்றில் எங்கேயும் பிள்ளை இல்லை. கண்ணைத் திறந்தாள். "எப்படி இருக்கா, சொல்லுங்க" என்றாள். பாக்கியநாதன் யோசித்தான். பேசிப் பழக்கமில்லாதவன், வரிசையில்லாமல் சொன்னான். தலையில் முடி இருக்கிறது, ஈரமாக இருந்தபோது கறுப்பாகத் தெரிந்தது, இப்போது காய்ந்து செம்பட்டையாக இருக்கிறது. காது தட்டையாக ஒட்டிக் கிடக்கிறது. முதுகில் பூனை மயிர். அவன் விரலை உள்ளே விடச் சொன்னார்கள், சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவச் சொன்னார்கள், லாரி எண்ணெய் நகக்கண்ணில் போகவே இல்லை, இருந்தாலும் விட்டான். அவள் பிடித்தாள். "பிடிச்சாளா?" "பிடிச்சா. விட மாட்டேங்கறா. அந்த நர்ஸ் வந்துதான் பிரிச்சு எடுத்துச்சு." அவன் தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்த விரலைச் செலினும் பார்த்தாள். மார்பில் ஊசி குத்துகிற மாதிரி இழுத்தது. இரண்டு விரலால் அழுத்தினாள், ஒன்றுமில்லை, மறுபடி அழுத்தினாள். மஞ்சளாக, கெட்டியாக ஒரு சொட்டு திரண்டு நின்றது. அது கிண்ணத்தில் விழுவதற்குள் இன்னொன்று. கிண்ணத்தின் அடி மூடுகிற அளவுக்கு ஆக அரை மணி நேரம் ஆனது. பாக்கியநாதன் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டான். கட்டிலிலிருந்து கதவுக்கு ஏழெட்டு அடிதான், அவன் அதைக் காலால் தடவித் தடவி நடந்தான். பிறகு கண்ணுக்கு மறைந்துவிட்டான். நடைபாதையில் சொந்தக்காரர்கள் கூட்டம், சக்கர நாற்காலி, சாப்பாட்டு வண்டி, யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். அத்தனைக்கும் நடுவே, கூட்டத்தில் யாரிடமும் வழி கேட்டே பழக்கமில்லாத அந்த ஆள் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "கொஞ்சம் வழி விடுங்க, பால் கொண்டு போறேன்" என்று சொல்வது கேட்டது. இன்னும் தள்ளிப் போய் மறுபடி சொன்னான். செலின் குரல் தேய்கிற வரைக்கும் கேட்டுவிட்டு, நர்ஸிடம் இன்னொரு கிண்ணம் வாங்கி அடுத்த மார்பின் கீழே வைத்துக்கொண்டாள்.